மாமல்லபுரத்தில் குடியிருக்க ஒரு வீடு

கடலோரச் சிற்றூர்களில் மாத வாடகை வீடு மறைந்துகொண்டிருக்கிறது. இதை உரக்கச் சொல்ல வேண்டிய வேளை இது. இன்னும் தாமதித்தால் சொல்லிப் பயன் இருக்காது. வீடுகள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. பல வீடுகள் புதுப் பெயின்ட்டில் பளபளக்கவும் செய்கின்றன. ஆனால் ஒரு குடும்பம் அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சி, பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்து, ரேஷன் கார்டில் அந்த முகவரியை மாற்றிக்கொண்டு ஐந்தாண்டு, பத்தாண்டு வாழக்கூடிய வீடுகளாக அவை இப்போது இல்லை. வெள்ளிக்கிழமை மாலை திறந்து ஞாயிற்றுக்கிழமை இரவு பூட்டும் அறைகளாகிவிட்டன. கோவளத்தில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை இந்த மாற்றம் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு வேகத்தில் நடக்கிறது. மாமல்லபுரத்தை எடுத்துக்கொண்டு பேசுவோம். ஏனென்றால் இந்த ஊருக்குள் ஒரு குடியிருப்பு வீடு கைவிட்டுப் போனால், அதற்கு ஈடாக இன்னொன்று கட்டிக்கொள்ள இடமில்லை.

ஊரின் அமைப்பைப் பாருங்கள். கிழக்கே கடல். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். நடுவில் பாறைகள், கோயில்கள். கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம் என்று 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய சின்னங்கள் ஊருக்கு வெளியே ஒதுங்கி நிற்பவை அல்ல. தெருக்களோடு கலந்து கிடக்கின்றன. 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம். இருக்கிற வீட்டைப் பழுதுபார்க்கவே மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். கடற்பக்கம் 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள். இவை தேவையான விதிகள்தான். இவற்றைத் தளர்த்துங்கள் என்று கேட்க நாம் வரவில்லை. ஆனால் இவற்றின் விளைவு ஒன்றை யாரும் பேசுவதில்லை. பழைய ஊருக்குள் வீடுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இறுகிப்போய்விட்டது. அதில் ஒரு வீடு நாள் வாடகைக்குப் போனால், குடியிருப்போருக்கு ஒரு வீடு குறைந்தது என்றே பொருள். சென்னையில் ஒரு பேட்டையில் கிடைக்காவிட்டால் அடுத்த பேட்டையில் தேடலாம். இங்கே அடுத்த தெரு சில நூறு அடியில் முடிந்துபோகிறது.

குடியிருக்க வீடு வேண்டும் என்று இந்த ஊரில் தேடுகிறவர்கள் யார்? 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரிக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். படித்து முடித்துப் பட்டறை போட்ட சிற்பிகள் இங்கேயே தங்கித் தொழில் செய்கிறார்கள். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்த கைகள் அவர்களுடையவை. உளிச் சத்தமும் கல் தூசும் உள்ள தொழில் அது. பட்டறைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும். அதிகாலையில் கரைக்குப் போய் மீன் ஏலம் எடுக்கும் பெண்கள், ஓட்டல் சமையற்கட்டில் நள்ளிரவு வரை நிற்பவர்கள், வழிகாட்டிகள், பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள், தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர்கள் எல்லாரும் தேடுகிறார்கள். சுற்றுலாப் பயணி காலையில் எழுந்து காபி குடிப்பதும், சுத்தமான தெருவில் நடப்பதும், சிலை வாங்கிப் போவதும் இவர்கள் பக்கத்தில் வசிப்பதால்தான் நடக்கிறது. இவர்களுக்கு இப்போது கிடைக்கிற பதில், "மாசத்துக்கு விடறதில்லைங்க, டெய்லி வாடகைதான்."

வீட்டுக்காரர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதை அவர் இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும். கணக்குக்காக ஒரு சிறிய இரண்டு அறை வீட்டை எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு விட்டால் 9,000 ரூபாய் வரும் என்று வையுங்கள். அதையே ஓர் இரவுக்கு 3,000 என்று விட்டால், மாதத்தில் நான்கு வார இறுதி, எட்டு இரவுகள் மட்டும் ஆள் வந்தாலே 24,000. மீதி 22 நாளும் வீடு காலியாகக் கிடந்தாலும் அவருக்கு லாபம். அதோடு, நாள் வாடகைக்கு வருகிறவர் காலி செய்ய மறுக்கமாட்டார், வாடகை பாக்கி வைக்கமாட்டார், வழக்குப் போடமாட்டார். ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தைப் போட்டு மாடியில் ஒரு வீடு எழுப்பியவரை, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக வாழும் ஒரு மூதாட்டியை இந்தக் கணக்குப் போட்டதற்காகக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர்களை அந்தக் கணக்குக்குள் தள்ளிவிட்டு, ஊர் நிர்வாகமும் அரசும் வேடிக்கை பார்க்கின்றன என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

ஆனால் இதில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ஒத்தவாடைத் தெருவில் கீழே குடும்பம் இருக்க, மாடியில் இரண்டு மூன்று அறை கட்டிப் பயணிகளுக்கு விட்டவர்கள் ஒரு வகை. இவர்களில் மீனவக் குடும்பங்களும் உண்டு. வலையை மட்டும் நம்பியிருந்த வீட்டுக்கு இரண்டாவது வருமானம் வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். வந்து தங்குகிறவருக்கு ஊரின் அரவணைப்பும் கிடைத்தது. நடு இரவில் கடலில் இறங்கப் பார்க்கிறவரைத் தடுத்து, இந்தக் கடலின் இழுப்பு எப்படிப்பட்டது என்று சொல்ல அங்கே ஆள் இருந்தது. இந்த வகையை ஊர் காப்பாற்ற வேண்டும், வளர்க்கவும் வேண்டும்.

இரண்டாவது வகை வேறு. சென்னையிலோ பெங்களூரிலோ அதைவிடத் தொலைவிலோ இருக்கும் ஒருவர் ஒரு வீட்டை வாங்குகிறார், அல்லது நான்கைந்து வீடுகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுக்கிறார். படம் பிடித்துச் செயலியில் ஏற்றுகிறார். சாவியை ஒரு கேர்டேக்கரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். அதன் பிறகு அந்த வீட்டை நிர்வகிப்பது அந்தக் கேர்டேக்கர்தான். மாடிப்படிக்கு அடியிலோ மோட்டார் அறைக்குப் பக்கத்திலோ பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும் அவருக்கு நியமனக் கடிதம் கிடையாது, வார விடுமுறை கிடையாது. போன் மட்டும் எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். தண்ணீர் லாரிக்குச் சொல்வது, கழிவுநீர் லாரியைக் கூப்பிடுவது, மின்சாரம் போனால் வசை வாங்குவது, குடித்துவிட்டுக் கத்தும் கூட்டத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவில் நிற்பது, விடிந்ததும் மெத்தை விரிப்பு மாற்றுவது எல்லாம் அவர் தலையில். வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதை ஒழுங்காகச் செய்யத் தெரியாவிட்டால் மாட்டிக்கொள்ளப் போவதும், வாசலில் நிற்கிற அவர்தான். நமக்கு மிகவும் கவலை தருவது இந்த மனிதரின் நிலை. பொறுப்பு முழுவதும் இவரிடம், அதிகாரமும் வருமானமும் வேறிடத்தில் என்ற ஏற்பாட்டை நிர்வாகம் என்று எப்படிச் சொல்வது?

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அப்படி ஓர் இரவில் குடியிருக்கிற வீட்டில், தகரக் கூரையைக் கட்டுவார்கள், மாடித் தொட்டியின் மூடியில் கல் வைப்பார்கள், பக்கத்து வீட்டுக் கிழவியைக் கூட்டிவந்து உட்கார வைப்பார்கள். பூட்டிய வீட்டில் இதில் எதுவும் நடக்காது. அதன் தகரம் பறந்து அடுத்த வீட்டின் மேல்தான் விழும். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையையும் புயலையும் எதிர்பார்க்கிற ஒரு கரையில், பூட்டிய வீடுகள் கூடிக்கொண்டே போவது பேரிடர் ஆயத்தத்தையே பாதிக்கிற விஷயம்.

கட்டடங்களின் உடல்நிலையைப் பற்றியும் பேச வேண்டும். கடற்காற்றில் வரும் உப்பு சிமென்ட்டுக்குள் ஊறி, உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கத் தொடங்குகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து அது பருக்கப் பருக்க, கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. முதலில் சுவரில் உப்புப் பூக்கும், பிறகு சீலிங்கில் கம்பியின் கோடு தெரிவதுபோல மயிரிழை விரிசல், அடுத்துத் துண்டு துண்டாகக் காரை விழும். இதற்காகவே இந்தியத் தர விதி 456, கடலோரச் சூழலில் கட்டும்போது கம்பிக்கு மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்காமல், அதைத் தகட்டின் மேலேயே கிடத்தி ஊற்றுகிற மேஸ்திரிகளையும், கலவைக்கு உப்புநீர்க் கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றிய இடங்களையும் அறிந்தவர்களுக்கு, கடலோரத்தில் எத்தனை வீட்டுக் கூரைகள் அந்த 45 மில்லிமீட்டரை எட்டியிருக்கும் என்ற கேள்வி அச்சம் தரும்.

மாத வாடகைக்கு இருக்கிறவர் சீலிங்கில் விரிசல் கண்டால் சொல்வார். நச்சரிப்பார். குழந்தை படுக்கிற இடத்தை மாற்றுவார், வீட்டுக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்பார். அந்த நச்சரிப்புதான் கட்டடத்துக்குக் காவல். நாள் வாடகைக்கு வருகிறவர் சீலிங்கைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் மறுநாள் போய்விடுவார். விரிசல் மேல் பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் பெயின்ட் அடித்துப் படம் எடுத்துவிட்டால் வீடு புதுசு. துரு உள்ளே தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது. தொல்லியல் எல்லைக்குள் இருக்கும் வீடு என்றால் இன்னும் மோசம். முறையான பழுதுபார்ப்புக்கு அனுமதி வாங்க அலைய வேண்டியிருப்பதால், பூசி மறைப்பதே சுலபமான வழியாகிவிடுகிறது. ஒருநாள் ஏதோ ஒரு பால்கனி இறங்கும். அப்போது விசாரணைக் குழு போடுவதைவிட இப்போது ஏணி வைத்து ஏறிப் பார்ப்பது நல்லது.

தண்ணீர் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கரையில் வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த கதைதான். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அளவுக்கு மேல் உறிஞ்சினால் கடல் நீர் உள்ளே வரும். ஒரு குடும்பம் நாள் முழுதும் செலவழிப்பதைவிட, கடலில் குளித்துவிட்டு வந்து மாறி மாறி ஷவரில் நிற்கும் பத்துப் பேர் ஒரு மாலையில் அதிகம் செலவழிப்பார்கள். குடும்பம் ஒன்றுக்குக் கட்டிய செப்டிக் டேங்க் இந்தக் கூட்டத்துக்குப் போதாது. வழிந்தால் அது போகிற இடம் அடுத்த வீட்டின் கிணறு. இதே கரையில், வடக்கே நெம்மேலியில் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024இல் இன்னும் 15 கோடி லிட்டர் என்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் திறக்கப்பட்டன. அந்தத் தண்ணீர் போகும் திசை சென்னை. வார இறுதியில் சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கான தண்ணீரை மாமல்லபுரம் தன் மண்ணுக்கடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். செய்துகொண்ட 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. எது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பு, எது குடியிருப்பவர் செய்ய வேண்டியது என்று பட்டியலே சட்டத்தில் இருக்கிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷரும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு. தகராறு வந்தால் துணை ஆட்சியர் நிலையில் ஓர் அதிகாரி, அவருக்கு மேலே வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம். இரண்டு பக்கத்துக்கும் நியாயமான ஏற்பாடு இது. வீட்டுக்காரரின் அச்சங்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

ஆனால் சிற்றூரில் இந்தச் சட்டம் காகிதத்திலேயே நிற்கிறது. இங்கே வாடகை என்பது இன்னமும் வாய்ப்பேச்சு. எழுதினாலும் பத்திரத்தாளில் பதினோரு மாதம் என்று எழுதுவார்கள். ஓராண்டுக்கு மேல் என்றால் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும் என்ற பழைய பயத்தில் பிறந்த வழக்கம் அது. புதிய சட்டம் எத்தனை மாதம் என்று பார்ப்பதில்லை, எல்லா ஒப்பந்தத்தையும் பதியச் சொல்கிறது என்பது பலருக்கும் தெரியாது. லீஸுக்கு என்று மூன்று லட்சம், நான்கு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பவரிடம்கூட வெறும் கையெழுத்துச் சீட்டுதான் இருக்கும். வீட்டுக்காரர் அந்தப் பணத்தை எப்போதோ செலவழித்திருப்பார். அதைத் திருப்பிக் கொடுக்காமலே காலி செய்யச் சொன்னால் எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது? இபி விஷயமும் இப்படித்தான். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு தருகிறது. சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று வீட்டுக்காரர் போடும் விலையில், அந்தச் சலுகை குடியிருப்பவர் கைக்கு வந்து சேர்வதில்லை. அதே நேரம், விடுதியாகவே நடக்கிற வீடு குடியிருப்பு இணைப்பிலேயே ஓடி அந்தச் சலுகையை அனுபவித்துக்கொண்டிருக்கும்.

எழுத்தில் எதுவும் இல்லாததால்தான் காலி செய்ய வைப்பது இத்தனை எளிதாகிறது. இந்த ஊரின் சீசன் டிசம்பரில் சூடு பிடிக்கும். மாமல்லபுரம் நாட்டிய விழா, புத்தாண்டு, பொங்கல் என்று தொடர்ந்து கூட்டம். அதற்கு முன்னால் ஐப்பசி, கார்த்திகையிலேயே "வீட்டைக் கொஞ்சம் ரெடி பண்ணணும், வேற இடம் பாத்துக்கோங்க" என்ற பேச்சு தொடங்கும். அது பள்ளி ஆண்டின் நட்டநடு. அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு, மழையில், வீடு தேட வேண்டும். ஊருக்குள் கிடைக்காமல் திருக்கழுக்குன்றம் பக்கமோ இன்னும் உள்ளேயோ போகிற குடும்பத்தின் பிள்ளை, ஒன்று தினமும் பேருந்தில் வரும், இல்லையென்றால் பள்ளி மாறும். அந்தக் குடும்பத்தின் பெயர் இங்கே வாக்காளர் பட்டியலில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். ஊரின் தண்ணீர்ப் பிரச்சினைக்குக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் ஊரில் இல்லை என்றால் யார் கேட்பார்கள்?

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. தங்கும் விடுதி, சத்திரம் போன்றவை இந்த வாடகைச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அது சரியான விலக்குதான். ஓரிரவு தங்குகிறவருக்கு வாடகைதாரர் உரிமை தேவையில்லை. ஆனால் நாள் வாடகைக்குப் போன ஒரு வீடு இந்தச் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. விடுதிக்கான உரிமமும் வாங்காததால் அந்தப் பக்கத்து விதிகளுக்குள்ளும் வருவதில்லை. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் தெளிவாகச் சொல்கிறது: ஒன்று முதல் ஆறு அறைகள் வரை, உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும். அதில் சேருவது அவரவர் விருப்பம் என்பதால், வீட்டுக்காரர் எட்டிப் பார்க்காத வீடுகூடப் பலகையில் ஹோம்ஸ்டே என்று எழுதிக்கொள்கிறது. பயணி ஏமாறுகிறார். முறைப்படி உரிமம் வாங்கி, வணிக மின்கட்டணமும் வரியும் கட்டி, தீயணைப்புச் சான்று வைத்து நடத்துகிற சிறிய லாட்ஜ்காரர் நஷ்டப்படுகிறார்.

உலகின் பிற கரைகளில் இதைத் தாமதமாக உணர்ந்தவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதைப் பார்த்தாவது நாம் விழித்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் செயின்ட் ஐவ்ஸ் என்று ஒரு மீன்பிடி ஊர். வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள் பெருகி, உள்ளூர்க்காரர்களுக்கு இடமில்லாமல் போனது. 2016இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். இனிக் கட்டப்படும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கே என்ற விதிக்கு 83 சதவீதம் பேர் ஆதரவு தந்தார்கள். ஆனால் அந்த விதி புதிதாகக் கட்டும் வீடுகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. விடுமுறை வீடு தேடியவர்கள் பழைய வீடுகள் பக்கம் திரும்பினார்கள். மாமல்லபுரத்துக்கு இதில் உள்ள பாடம் நேரடியானது. இங்கே புது வீடு கட்டவே இடமில்லை; இருப்பதெல்லாம் பழைய வீடுகள்தான். ஆகவே விதி வந்தால் அது இப்போது இருக்கிற வீடுகளைத் தொட வேண்டும், இல்லையேல் வராமலே இருக்கலாம்.

பார்சிலோனாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. 2024 ஜூனில் அந்த நகரத்தின் மேயர், சுற்றுலாவுக்கு விடப்படும் 10,101 வீடுகளின் உரிமத்தை 2028க்குப் பிறகு புதுப்பிக்கமாட்டோம் என்று அறிவித்தார். அந்த அளவு கடுமை இங்கே வேண்டுமா என்பது விவாதத்துக்கு உரியது. நம் கருத்தில் வேண்டாம். ஆனால் அந்த எண்ணைக் கவனியுங்கள். பத்தாயிரத்து நூற்று ஒன்று. ஒற்றை இலக்கம் வரை எண்ணி வைத்திருந்ததால்தான் அவர்களால் ஒரு முடிவு எடுக்க முடிந்தது. மாமல்லபுரத்தில் எத்தனை வீடுகள் நாள் வாடகைக்குப் போயிருக்கின்றன? அவற்றில் எத்தனையில் உரிமையாளர் வசிக்கிறார்? மக்கள் பார்க்கும்படி அப்படி ஓர் எண்ணை எந்த அலுவலகமும் வைக்கவில்லை. எண்ணாத ஒன்றை ஒழுங்குபடுத்த எவராலும் முடியாது.

2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தபோதும், 2022இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும் இந்த ஊருக்குச் சாலை வந்தது, விளக்கு வந்தது, சுவருக்கு வண்ணம் வந்தது. அரசு மனம் வைத்தால் எவ்வளவு விரைவாக வேலை நடக்கும் என்பதை ஊர் பார்த்திருக்கிறது. அந்த வேகத்தில் கால்வாசி போதும், நாம் கேட்பதைச் செய்து முடிக்க.

உரிமையாளர் வசிக்காத வீட்டை நாள் வாடகைக்கு விட்டால் அது விடுதி. விடுதிக்கான உரிமம், வணிக மின் இணைப்பு, போதுமான கழிவுநீர்த் தொட்டி, தீத்தடுப்பு, பெயரும் தொலைபேசி எண்ணும் வாசலில் எழுதிய ஒரு பொறுப்பாளர், அவருக்கு முறையான சம்பளம் எல்லாம் கட்டாயம் என்று உள்ளாட்சி தீர்மானம் போட வேண்டும். கணக்கெடுப்பு முடியும்வரை பழைய ஊருக்குள் எந்தக் குடியிருப்பு வீட்டுக்கும் புதிதாக அந்த உரிமம் தரக் கூடாது. கீழே தான் இருந்து மாடியை விடுகிற குடும்பத்துக்கு இந்தச் சுமைகள் வேண்டாம். ஒரு பக்கப் படிவத்தில் பதிவு போதும், கட்டணமும் வேண்டாம். வாடகை அதிகாரியைத் தேடி மக்கள் போவதற்குப் பதிலாக, மாதம் ஒருநாள் அவர் ஊருக்கு வந்து உட்கார்ந்து ஒப்பந்தங்களைப் பதிந்து தரட்டும். கடலை ஒட்டிய பழைய கட்டடங்களைப் பொறியாளர் ஒருவர் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை தட்டிப் பார்த்துச் சான்று தர வேண்டும். தொல்லியல் எல்லைக்குள் இருக்கிற வீடுகளின் கூரைப் பழுதுக்கு விரைவான ஒரு தனி வழியை ஒன்றிய அரசு திறந்துவிட வேண்டும்.

இவற்றோடு ஒரு கை கொடுத்தலும் வேண்டும், அது இல்லாமல் மற்றவை நிற்காது என்று நினைக்கிறோம். பதிவு செய்த ஒப்பந்தத்தோடு மாத வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரருக்குச் சொத்து வரியில் கணிசமான சலுகை கொடுங்கள். அவருக்குக் குறைகிற வருமானத்தில் ஒரு பங்கை ஊர் ஏற்றுக்கொள்ளட்டும். அந்தப் பணத்தை விடுதியாக மாறிய வீடுகளிடமிருந்து வரும் உரிமக் கட்டணத்தில் எடுக்கலாம். குடியிருப்பவர் காலி செய்ய மறுத்தால் என்ன செய்வது என்ற அவரது பயத்தை, வாடகை நீதிமன்றம் தாமதமில்லாமல் வழக்கை முடித்துக் காட்டித்தான் போக்க முடியும்.

சுற்றுலா அழிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஊரில் ஆள் வசிக்காவிட்டால்தான் அது அழியும். சமைக்க, பரிமாற, வழிகாட்ட, சிலை செதுக்க, குப்பை அள்ள ஒவ்வொருவரும் முப்பது கிலோமீட்டர் பயணம் செய்து வர வேண்டும் என்றால், அந்தச் செலவு பயணியின் பில்லில்தான் ஏறும். ஒரு கட்டத்துக்குப் பிறகு பயணிகள் வருவதையே நிறுத்திவிடுவார்கள்.

எண்ணும் வேலைக்குப் புதிய துறையோ பெரிய நிதியோ வேண்டாம். சொத்து வரிப் பதிவேட்டில் ஒவ்வொரு வீடும் ஏற்கெனவே இருக்கிறது. அரையாண்டுக்கு ஒருமுறை வரி வசூலாகிறது. ஏப்ரலில் தொடங்கும் அரையாண்டு வசூலின்போது, அந்தப் பதிவேட்டில் மூன்று கேள்விகளைச் சேர்த்தால் போதும். இந்த வீட்டில் உரிமையாளர் வசிக்கிறாரா, மாத வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறதா, நாள் வாடகைக்குப் போகிறதா? பதில்களை வார்டு வாரியாக அலுவலகப் பலகையில் ஒட்டி, ஊர் மக்கள் திருத்தம் சொல்ல ஒரு மாதம் கொடுங்கள். உரிமத் தீர்மானம் புரட்டாசிக்குள் நிறைவேறினால், ஐப்பசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறவரிடம் காட்ட ஒரு விதியாவது குடியிருப்பவர் கையில் இருக்கும்.